ஸ்வெட்டரை அவர் சுருக்கிட்டார், நூலை நான் ஒளிச்சு வெச்சிருக்கேன்: நிட்டிங்கையே விட்டுடணுமா?

வாசகி ஒருத்தங்க எழுதின நீளமான கடிதம் இது. அடையாளம் தெரியுற விஷயங்களை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா தர்றேன்.

கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, சின்ன வீடு, வேற யாரும் கூட இல்ல. இவங்களுக்குப் பள்ளிக்கூட நாள்ல இருந்தே நிட்டிங், குரோஷே (கொக்கி ஊசியில பின்றது), கொஞ்சம் எம்ப்ராய்டரின்னு கைவேலைல உயிர். ஆபீஸ் முடிஞ்சு வந்து ஊசியும் நூலுமா சோபால உட்கார்ந்தாதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்குற சத்தம் அடங்கும்னு எழுதியிருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்காக ஒரு கம்பளி ஸ்வெட்டர் ஆரம்பிச்சு, கல்யாணத்துக்கு அப்புறம் முடிச்சு அவர் பிறந்தநாளுக்குக் கொடுத்தாங்க. ரெண்டு தடவை போட்டார், ரெண்டு தடவையும் கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தார், அப்புறம் தொடவே இல்ல. போன மாசம் வீட்டுத் துணியெல்லாம் நானே துவைக்கிறேன்னு அவர் வாஷிங் மெஷின்ல போட்டப்போ அந்த ஸ்வெட்டரும் உள்ள போய், சூடு தண்ணில ஓடி, ஒரு ஆறு வயசுப் பிள்ளைக்குப் போடுற சைஸ்ல வெளிய வந்துச்சு. அதை அவர் சொல்லல. அலமாரி மேல பெட்டிக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்தார், மூணு நாள் கழிச்சு இவங்க வேற எதையோ தேடுறப்போ கையில மாட்டுச்சு. ரெண்டு நாள் அழுதிருக்காங்க. "பிடிக்கலைன்னு சொல்லத் தைரியம் இல்லாம வேணும்னேதான் பண்ணியிருக்கார்"ங்கிறது இவங்க முடிவு.

இதுக்கு நடுவுல "எப்பப் பாரு அந்த நூலோடயே இருக்க, நான் பேசுறது காதுல விழுதா இல்லையா"ன்னு அவர் ரெண்டு மூணு தடவை கேட்டிருக்கார். இவங்க ஆன்லைன்ல வாங்குற நூல் பார்சலை ஆபீஸ் விலாசத்துக்கு வரவழைச்சு, ஹேண்ட்பேக்ல போட்டு எடுத்துட்டு வந்து, படுக்கைக்கு அடியில சூட்கேஸ்ல வெச்சிருக்காங்க, சூட்கேஸ் இப்ப ரெண்டாச்சு. ஃப்ரெண்ட் ஒருத்தி வேற "கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தா அந்த உறவு நிலைக்காதாம்"னு கொளுத்திப் போட்டிருக்கா. இன்னொருத்தி "இவ்ளோ அழகா பண்ற, வித்துக் காசு பாரு, அப்ப வாயை மூடுவார்"ங்கிறா. கடைசில போற போக்குல, ராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வருதுன்னும் ஒரு வரி.

கேள்வி மூணு: அவருக்கு என்மேல பிரியம் இல்லையா, அவர் என்னைக் கன்ட்ரோல் பண்றாரா, கல்யாண வாழ்க்கைக்காக இதை விட்டுடணுமா.

*

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா நீங்க அதைப் படிக்கத்தான் கீழ கீழ போய்த் தேடுவீங்க. விட வேண்டாம். நிட்டிங்கை விடுறதால உங்க வீட்டுல இருக்குற பிரச்சனை எதுவும் தீராது. படுக்கைக்கு அடியில இருக்குற சூட்கேஸை வெளிய எடுத்தா பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் உழைக்கணும், அது ரெண்டு பேருமா.

முதல்ல அந்த ஸ்வெட்டர்

நீங்க எழுதினதுல மனசு ரொம்ப நொந்து எழுதின இடம் இதுதான், அதனால இங்கேயே கொஞ்ச நேரம் நிக்கலாம். மாசக்கணக்கா ஒவ்வொரு கண்ணியா ஏத்தி இறக்கிப் பின்னின ஒண்ணு பிசைஞ்சு வெச்ச மாதிரி கையில கிடைச்சா யாருக்கும் வயிறு எரியும், "ஒரு ஸ்வெட்டருக்கா இவ்ளோ அழுகை"ன்னு நான் கேக்கவே மாட்டேன். ஆனா "வேணும்னேதான்"னு நீங்க முடிவு பண்ணினீங்க பாருங்க, அதுக்கு உங்க கடிதத்துலயே ஆதாரம் இல்லம்மா. அதுக்கு எதிராத்தான் இருக்கு. அவரோட ஆபீஸ் சட்டை ரெண்டும் அதே ஓட்டத்துல போய், ஸ்வெட்டர்ல இருந்து சாயம் ஏறிடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வேணும்னு கெடுக்கிறவர் தன் நல்ல சட்டையைக் கூடவே போட மாட்டார்.

கம்பளி எப்படிச் சுருங்குதுன்னு உங்களுக்குத் தெரியும், ஆட்டு ரோமத்து மேல செதில் மாதிரி அடுக்கு இருக்கும், சூடும் ஈரமும் சோப்பும் உலுக்கலும் சேர்ந்தா அந்தச் செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகிடும், அப்புறம் எத்தனை தடவை இழுத்துக் காயப்போட்டாலும் பழைய அளவுக்கு வராது. சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்ட நூலா இருந்தா அந்தச் செதிலைப் பக்குவம் பண்ணியிருப்பாங்க, மெஷினை ஓரளவு தாங்கும். இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. அவருக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு டீஷர்ட், ரெண்டும் துணி, அவ்ளோதான். கொடுத்த அன்னைக்கு "இதைக் கையில பச்சத்தண்ணிலதான் அலசணும், பிழியக்கூடாது, படுக்கப் போட்டுக் காய வைக்கணும்"னு சொன்னீங்களா? கடிதத்துல அப்படி ஒரு வரி இல்ல, நான் ரெண்டு தடவை தேடிட்டேன்.

அடுத்தது அவர் ஏன் போடலங்கிறது. கழுத்தைச் சொறிஞ்சார்னு நீங்களே சொல்றீங்க. ரோமத்தோட தடிமன் சுமார் 30 மைக்ரானை (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தாண்டினா அதோட நுனி தோல்ல குத்தி அரிக்கும், பெரும்பாலான ஆளுங்களுக்கு அது அலர்ஜிகூட இல்ல, வெறும் குத்தல்தான். மெரினோங்கிற ஆட்டு இனத்தோட ரோமம் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள்ள இருக்குறதாலதான் அதை உடம்பை ஒட்டிப் போடுறாங்க. நீங்க எடுத்தது நல்லா உழைக்கட்டும்னு கொஞ்சம் முரட்டு நூல், பின்னினது கழுத்தைச் சுத்தி மடிச்சு விடுற காலர். அரிச்சா சொறியத்தான் செய்வார். "பிடிச்சிருந்தா போட்டிருப்பாரே"ங்கிற கணக்கு இங்க செல்லாது. பிடிச்சும் போட முடியாம இருந்திருக்கலாம், அதைச் சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு வாயை மூடியிருக்கலாம். அப்படிச் சொல்லாம இருந்தது தப்புதான், ஆனா அது பிரியம் இல்லாத தப்பு இல்ல.

இன்னொண்ணு கேக்கவா, அந்த டிசைனும் கலரும் அவர் சொன்னதா? "சர்ப்ரைஸா கொடுக்கணும்னு அவர்கிட்ட எதையுமே கேக்கல"ன்னு எழுதியிருக்கீங்க. பெரியவங்களுக்குப் பின்னும்போது சர்ப்ரைஸ் எனக்கு அவ்வளவா பிடிக்காத விஷயம். அவர் அடிக்கடி போடுற சட்டையைத் தரையில விரிச்சு மார்பு அகலம், கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் அளந்து, அவருக்கு லூசா வேணுமா டைட்டா வேணுமான்னு கேட்டு, நூலை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டு பின்னி அதை அவர் கழுத்துல கொஞ்ச நேரம் வெச்சுப் பார்த்துட்டு ஆரம்பிச்சிருந்தா, இந்தக் கதையில பாதி நடந்தே இருக்காது. அடுத்தது பின்னினா அப்படிப் பின்னுங்க. அடுத்தது ஸ்வெட்டராத்தான் இருக்கணும்னும் இல்ல.

அந்த ஸ்வெட்டர் சாபம் பத்தி ஃப்ரெண்ட் சொன்னது நிட்டிங் உலகத்துல உலவுற பழைய பேச்சுதான், அவங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. அதுல மந்திரம் எதுவும் கிடையாது. பெரிய ஸ்வெட்டர் முடிக்கப் பல மாசம் ஆகும், அத்தனை மாசத்துல தானா முடியுற காதலும் நிறைய, முடிஞ்சதும் பழி ஸ்வெட்டர் மேல விழுந்துடும். இத்தனை உழைப்பைப் போட்டவங்க பதிலுக்கு எதிர்பார்க்கிறதும் மலையளவு ஆயிடும், வாங்கிக்கிறவர் "நல்லா இருக்கு"ன்னு சாதாரணமா சொன்னாக்கூடக் குறையாத் தெரியும். உங்க வீட்டுல நடந்தது கொஞ்சம் இந்த ரெண்டாவது ரகம்.

ஒளிச்சு வெச்சது ஒருத்தர் மட்டும் இல்ல

சுருங்கின ஸ்வெட்டரை அவர் மூணு நாள் ஒளிச்சு வெச்சார்னு கோபப்படுறீங்க, நியாயம். ரெண்டு சூட்கேஸ் நிறைய நூலை நீங்க மாசக்கணக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க, அதை எழுதும்போது மட்டும் "என் சம்பளம்தானே"ன்னு ஒரே வரில தாண்டிட்டீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவர் ஏன் ஒளிச்சார்? நீங்க உடைஞ்சு போவீங்கன்னு பயம். நீங்க ஏன் ஒளிக்கிறீங்க? "மறுபடியுமா"ன்னு ஒரு பார்வை பார்ப்பார்னு பயம். உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் மத்தவரோட முகம் மாறுறதைப் பார்க்கப் பயம், அதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது. எட்டு மாசக் கல்யாணத்துல இது சகஜம், ஆனா இப்பவே கவனிக்கலைன்னா பழக்கமாயிடும், அப்புறம் நூல் பார்சல் இருந்த இடத்துல லோன், ஆபீஸ் பிரச்சனை, டாக்டர் ரிப்போர்ட்னு பெரிய பெரிய விஷயமெல்லாம் படுக்கைக்கு அடியில போக ஆரம்பிச்சுடும்.

உங்க சம்பாத்தியத்துல உங்களுக்குப் பிடிச்சதுக்குச் செலவு பண்ண உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அதுல எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்ல. ஒவ்வொரு நூல்கண்டுக்கும் அவர்கிட்ட பர்மிஷன் வாங்குங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா உரிமை இருக்குறதை ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு வரவழைக்கணும்? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குன்னு சேமிக்கிறதாவும் எழுதியிருக்கீங்க, அதுக்கு நீங்க போடுற பங்கு போன மூணு மாசமா குறைஞ்சதுன்னும் எழுதியிருக்கீங்க, காரணம் கேட்டப்போ "ஆபீஸ்ல பிடிச்சுட்டாங்க"ன்னு சொன்னதாவும் எழுதியிருக்கீங்க. அது பொய்தானேம்மா. சின்னப் பொய்தான், ஆனா அவரே ஒரு நாள் கண்டுபிடிச்சா அவருக்கு வலிக்கப்போறது நூலுக்குப் போன காசு இல்ல, இந்தப் பொய்தான்.

நிறைய ஜோடிகளுக்கு ஒத்துவர்ற ஒரு ஏற்பாடு சொல்றேன். வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் ஒரு பொதுக் கணக்கு, ரெண்டு பேரும் வருமானத்துக்கு ஏத்த மாதிரி அதுல போடணும். மீதில ஆளுக்கு ஒரு தொகை அவங்கவங்க கைச்செலவுக்கு, அதுல நூல் வாங்கினாலும் சரி, கேம் வாங்கினாலும் சரி, கேள்வி கிடையாது, கணக்கும் கிடையாது. தொகை எவ்வளவுன்னு முன்கூட்டியே பேசி முடிவு பண்ணிட்டா, பார்சல் வாசலுக்கே வரலாம்.

நூல் வாங்குறதும் நூலைப் பின்றதும் ரெண்டு தனித்தனி பொழுதுபோக்குன்னு நிட்டர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணிப்பாங்க, ஆயுசுக்கும் பின்னித் தீர்க்க முடியாத அளவு சேர்த்தவங்களைக் குறிக்கவே அவங்களுக்குள்ள தனிப் பேர் உண்டு. நீங்க எதுல இருக்கீங்கன்னு சூட்கேஸைத் திறந்து நேர்மையாப் பாருங்க. மனசு சரியில்லாத ராத்திரில போனை எடுத்து நூல் பார்த்து ஆர்டர் போடுறேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஆர்டர் எல்லாம் பின்றதுக்காக வாங்கினது இல்லன்னு நினைக்கிறேன். ஒரு நல்ல மூடி போட்ட பெட்டி, அது நிரம்பினா புதுசு கிடையாது, இந்த அளவுக்கு ஒரு வேலி போதும். அதுவும் இல்லாம கம்பளி நூலை இருட்டுல மாசக்கணக்கா பிரிச்சுப் பார்க்காம வெச்சா அந்துப்பூச்சி சும்மா விடாது, அதோட புழு ரோமத்துல இருக்குற கெரட்டின்ங்கிற புரதத்தைத் தின்னுதான் வளருது, இருட்டும் அசைவில்லாத இடமும் அதுக்கு ரொம்ப இஷ்டம்.

சாயங்காலம் யாருக்கு

"நான் பேசுறது காதுல விழுதா"ன்னு அவர் கேட்டதை நீங்க "என் நிட்டிங்கைக் குறை சொல்றார்"னு எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அது வேற மாதிரி கேக்குது. அவர் கேட்டது உங்க காதைப் பத்தி.

ஜான் காட்மேன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், புதுசா கல்யாணமான ஜோடிகளை அபார்ட்மென்ட் மாதிரியே அமைச்ச ஒரு ஆய்வுக்கூடத்துல இருக்க வெச்சு, சாதாரணமா என்ன பேசிக்கிறாங்கன்னு கவனிச்சவர். ஒருத்தர் "அங்க பாரேன், அந்தப் பறவையை"ன்னு சொன்னா மத்தவர் திரும்பிப் பார்க்கிறாரா, "ம்"னுட்டு விடுறாரா, எரிஞ்சு விழுறாரா, இதைத்தான் எண்ணினார். ஆறு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ சேர்ந்தே இருந்த ஜோடிகள் அந்த மாதிரி சின்ன அழைப்புகள்ல 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தாங்க, பிரிஞ்சு போனவங்க 33 சதவீதத்துக்குத்தான் திரும்பியிருந்தாங்கன்னு அவர் சொல்றார். இந்த நம்பரை எடுத்துட்டு வீட்டுல சதவீதம் போட ஆரம்பிச்சுடாதீங்க. பெரிய சண்டையை விட இந்தச் சின்னச் சின்னத் திரும்பல்ல நிறைய அடங்கியிருக்குங்கிறதுக்காகச் சொன்னேன்.

இதுல நிட்டிங்குக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. லேஸ் பேட்டர்ன் (ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன்) பின்றப்போ ஒரு வரிசையில 200 கண்ணிக்கு மேல கூட இருக்கும், நடுவுல ஒரு நூல் சுத்து விட்டுப்போனா அடுத்த வரிசையில கணக்கு உதைக்கும், பிரிச்சுத்தான் ஆகணும். அந்த நேரத்துல அவர் "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா உங்க உதடு எண்ணிக்கிட்டே இருக்கும், கண்ணு ஊசிமேல இருக்கும், "ம்"னு ஒரு சத்தம் வரும். உங்களுக்கு அது "இருப்பா, ஒரு நிமிஷம்". அவருக்கு அது "போயேன்". எண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு வெளியில இருந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாதே, சும்மா கையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னுதான் தெரியும்.

அதனால வேலையை ரெண்டா பிரிச்சுக்குங்க. லேஸ், கேபிள் (முறுக்குன கயிறு மாதிரி வர்ற டிசைன்), கலர் மாத்தி மாத்திப் பின்றது, அளவு குறைக்கிறது கூட்டுறது, இதெல்லாம் தனியா இருக்குற நேரத்துக்கு. அவர் கூட உட்கார்ற நேரத்துக்குன்னு எப்பவும் ஒரு சுலபமான வேலை பையில இருக்கட்டும், சர்க்குலர் ஊசியில (ரெண்டு முனையையும் வளையுற ஒயர் இணைக்கும்) சுத்திச் சுத்தி ஒரே மாதிரி போற தொப்பி, சாக்ஸோட கணுக்கால் பகுதி, கார்ட்டர் ஸ்டிச்ல (எல்லா வரிசையும் ஒரே மாதிரி பின்றது) ஒரு மப்ளர், இதுக்கெல்லாம் கண்ணும் வேணாம், எண்ணிக்கையும் வேணாம், கை பாட்டுக்குப் போகும், நீங்க அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். கஷ்டமான வேலை நடுவுல அவர் வந்துட்டார்னா, 20 கண்ணிக்கு ஒரு மார்க்கர், அதாவது அடையாள வளையம், மாட்டி வெச்சிருந்தா எங்க விட்டோம்னு உடனே பிடிச்சுடலாம். இன்னும் பயமா இருந்தா பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒரு தடவை வேற கலர் மெல்லிசு நூலை ஊசியில இருக்குற கண்ணி எல்லாத்துக்குள்ளயும் ஓட்டி விட்டுடுங்க, பிரியுறதா இருந்தாலும் அந்த இடத்தோட நின்னுடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச வித்தைகள்தான், பேட்டர்னைக் காப்பாத்த யூஸ் பண்றதைப் பேச்சைக் காப்பாத்தவும் யூஸ் பண்ணுங்க. அவருக்கும் ஒண்ணு சொல்லி வைங்க: நான் ஒரு விரலைத் தூக்கினா வரிசை முடியப்போகுதுன்னு அர்த்தம், அரை நிமிஷத்துல வர்றேன். வரணும். மறந்துட்டு அடுத்த வரிசையை ஆரம்பிச்சுட்டீங்கன்னா அந்த விரலுக்கு மதிப்பே போயிடும்.

"அவர் மட்டும் மேட்ச் பார்க்கிறப்போ போன்ல மூழ்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. கூடாது, அதே சட்டம் அவருக்கும். ஆனா "நீ மட்டும்"னு ஆரம்பிச்சுப் பேசாதீங்க, அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். சாப்பிட்டு முடிச்சதும் ஒரு அரை மணி நேரம், ஊசியும் இல்ல போனும் இல்லன்னு ரெண்டு பேருக்கும் பொதுவா வெச்சுக்குங்க. அதுக்கு அப்புறம் ஒரே ரூம்ல அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறது எனக்குத் தெரிஞ்சு தாம்பத்தியத்துல ரொம்ப சுகமான விஷயம், அதைப் பிரிவுன்னு நினைச்சுக் கவலைப்படாதீங்க. அவருக்கும் நிட்டிங் கத்துக்கொடுக்கப் பார்த்தேன், பத்து நிமிஷத்துல ஊசியைக் கீழ வெச்சுட்டார்னு வருத்தப்பட்டிருக்கீங்களே, விட்டுடுங்க. கைக்குப் பழக்கமானவங்க பக்கத்துல உட்கார்ந்து முதல் கண்ணி போடுறது யாருக்கும் கூச்சம்தான். சேர்ந்து எதாவது பண்ணணும்னா ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ணை எடுங்க. ஆர்தர் ஆரோன்னு ஒரு ஆய்வாளரும் அவர் குழுவும் 2000ல வெளியிட்ட ஆய்வுல, ஜோடியா சேர்ந்து வெறும் 7 நிமிஷம் புதுசா, கொஞ்சம் வேடிக்கையா ஒண்ணு பண்ணினவங்களுக்கு, சப்புன்னு ஒரு வேலை பண்ணினவங்களை விடத் தங்களோட உறவு மேல நல்ல அபிப்பிராயம் கூடியிருந்துச்சு.

நிட்டிங் பண்ணா மண்டைக்குள்ள சத்தம் அடங்குதுன்னு நீங்க சொல்றது உங்க கற்பனையும் இல்ல. 2013ல ஒரு சர்வே வந்துச்சு, 31 நாட்டுல இருந்து 3,545 நிட்டர்கள் பதில் சொன்னாங்க, அடிக்கடி பின்றவங்க மனசு அமைதியாகுதுன்னும் சந்தோஷமா இருக்குன்னும் அதிகமா சொல்லியிருந்தாங்க. பதில் சொன்னவங்க எல்லாம் ஏற்கெனவே நிட்டிங் பிடிச்சவங்க, அதனால இதை மருந்துன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவர்கிட்ட "எனக்கு இது ஏன் வேணும்"னு சொல்ல உங்க அனுபவமே போதும். அதை இதுவரைக்கும் அவர்கிட்ட சொன்னதே இல்லைன்னு கடிதத்தைப் படிச்சா தெரியுது.

கன்ட்ரோல் பண்றாரா?

இந்தக் கேள்வியை நான் லேசா எடுத்துக்க மாட்டேன், சில வீட்டுல அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனா நீங்க எழுதின வரைக்கும் அவர் சொன்னது ஒரு குறை. என்னைக் கவனின்னு கேக்கிறது கட்டுப்பாடு ஆகாது. கட்டுப்பாடுன்னா எப்படி இருக்கும்னா, உங்க பொருளைத் தூக்கி எறியறது, நிட்டிங் ஃப்ரெண்ட்ஸைப் பார்க்கப் போகக்கூடாதுங்கிறது, உங்க சம்பளத்துக்கு மட்டும் கணக்குக் கேட்டு தன்னோடதை மூடி வெக்கிறது, நாலு பேர் முன்னாடி உங்க வேலையைக் கேவலப்படுத்துறது, போனை நோண்டுறது, அவர் வீட்டுக்குள்ள வர்ற சத்தம் கேட்டாலே உங்க உடம்பு விறைச்சுப் போறது. இதுல ஒண்ணாவது இருந்து, எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தீங்கன்னா, நான் மேல சொன்னது பூரா உங்களுக்குப் பொருந்தாது. அப்ப ஜோடியா கவுன்சிலிங் போறது முதல் படி இல்ல, நீங்க மட்டும் தனியா ஒரு கவுன்சிலரையோ, உங்க ஊர்ல இருக்குற பெண்கள் உதவி எண்ணையோ அணுகணும், நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட விஷயத்தைச் சொல்லி வெக்கணும். பயம் இருக்குற வீட்டுல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சுப் பேச வெச்சா, அந்தப் பேச்சுக்கு வீட்டுக்குப் போனதும் விலை கொடுக்க வேண்டி வரலாம்.

ஒரு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்க. "நான் இவ்ளோ நூல் வாங்கியிருக்கேன்"னு சொன்னா அவர் என்ன பண்ணுவார்னு உங்களுக்குத் தோணுது? முகம் சுளிப்பார், ரெண்டு வார்த்தை சொல்லுவார்னு தோணினா அது சாதாரண கல்யாணம். வேற எதாவது தோணுச்சுன்னா, அதை எனக்கு எழுதுங்க.

வித்துக் காசு பாருன்னு சொல்றவங்க

நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா கணக்குப் போடாம சொல்றாங்க. பெரியவங்க ஸ்வெட்டர் ஒண்ணுக்கு வேகமான கைக்குக்கூட சர்வசாதாரணமா 40, 50 மணி நேரம் போயிடும், நூல் செலவு தனி. அந்த மணிக்கெல்லாம் உங்க ஆபீஸ் சம்பளத்தை வெச்சுப் பெருக்கிப் பாருங்க, அந்த விலைக்கு வாங்குற ஆளைத் தேடுங்க, அப்புறம் பேசலாம். விக்கணும்னா சின்னச் சின்னதா, சீக்கிரம் முடியுறதா யோசிக்கணும்.

அது கூடப் பரவாயில்ல. நீங்க ஆசைக்குப் பண்றதை ஆர்டருக்குப் பண்ண ஆரம்பிச்சா அந்த அமைதி மிஞ்சுமாங்கிறதுதான் என் கவலை. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் பண்ணின பிரபலமான ஆய்வு ஒண்ணு, வரையுறதுல தானாவே ஆசையா இருந்த சின்னக் குழந்தைகள்ல சிலருக்கு "வரைஞ்சா பரிசு"ன்னு முன்கூட்டியே சொல்லி வரைய வெச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா அந்தக் குழந்தைங்க தானா வரையுற நேரம் குறைஞ்சு போச்சு, பரிசுன்னு சொல்லாத குழந்தைங்களுக்கு அப்படி ஆகல. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னு இல்ல, வித்து நல்லா வந்தவங்களும் இருக்காங்க. ஆனா "அவர் வாயை மூட"ங்கிற காரணத்துக்காக மட்டும் தொடங்காதீங்க. காசு வந்தாதான் உங்க பொழுதுபோக்குக்கு மரியாதைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

எப்படிப் பேச ஆரம்பிக்கிறது

ரெண்டு பேருக்கும் பசியும் தூக்கமும் இல்லாத நேரமா, லீவு நாள் காலைலன்னு வெச்சுக்குங்க. முதல்ல உங்க சூட்கேஸ், அப்புறம்தான் அவர் ஸ்வெட்டர். இந்த வரிசை மாறக்கூடாது, ஸ்வெட்டர்ல ஆரம்பிச்சா அவர் கேஸ் நடத்துற மாதிரி பதில் சொல்ல ஆரம்பிச்சுடுவார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நான் நூல் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கேன், ஆபீஸ்ல பிடிச்சுட்டாங்கன்னு சொன்னதும் நிஜம் இல்ல, நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயமா இருந்துச்சு"ன்னு நேரா சொல்லுங்க. பெட்டியைத் திறந்தே காட்டுங்க. அவர் திகைச்சுப் போகலாம், சிரிக்கலாம், கோபப்படலாம், அந்தக் கோபத்துக்கு அவருக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு, உடனே பதிலுக்கு ஸ்வெட்டரை எடுத்து வீசாதீங்க.

அவர் பேசி முடிச்சதும் உங்களது. "வேணும்னே பண்ணீங்க"ங்கிற வார்த்தையே வேணாம். "அது கெட்டுப்போனதை விட, நீங்க சொல்லாம வெச்சது எனக்கு வலிச்சுச்சு. போடும்போது அரிச்சதா?" இவ்ளோதான். அப்புறம் அவர் பேசட்டும். ஆமா அரிச்சுச்சுன்னு சொன்னார்னா, அதை உங்க கைவேலைக்குக் கொடுத்த மார்க்கா எடுத்துக்காதீங்க, நூலைப் பத்தின தகவலா எடுத்துக்குங்க. அந்த ஸ்வெட்டரைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்ல, அப்படி இறுகின கம்பளியைக் கத்தரிச்சா ஓரம் பிரியாது, கையுறையோ பையோ தைக்கலாம். உங்களுக்கு மனசு வந்தா செய்யுங்க, வரலைன்னா விட்டுடுங்க, அதை வெச்சு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேணாம்.

காசு ஏற்பாடு, அந்த அரை மணி நேரம், நூல் பெட்டி, இந்த மூணையும் ஒரு ஆறு வாரம் நடத்திப் பாருங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் சொதப்பும், சொதப்பட்டும். ஆறு வாரம் கழிச்சும் அவர் எதையும் கேக்கவே தயாரா இல்ல, இல்லைன்னா உங்களுக்கே வாங்குறதை நிறுத்த முடியலன்னா, அப்ப நேர்ல ஒரு கவுன்சிலரைப் பார்க்கலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கை மரத்துப்போறதை மட்டும் ஆறு வாரம் தள்ளாதீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா ராத்திரில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் முழிப்பு வருதுன்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்துறதா இருக்கலாம், கார்ப்பல் டனல்னு சொல்லுவாங்க. கட்டைவிரல் அடியில, மணிக்கட்டை ஒட்டி வலிச்சா அது வேற, தசைநார் உறையில வர்ற வீக்கமா இருக்கலாம். ரெண்டுமே சீக்கிரம் கவனிச்சா சுலபம், முத்தவிட்டா பிடிமானம் குறையுற அளவுக்குப் போகும். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்க, நிட்டிங் பண்றதையும் கம்ப்யூட்டர் வேலையையும் மறக்காம சொல்லுங்க. அதுவரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழ வெச்சு கையை விரிச்சு மடக்குங்க, மெல்லிசு ஊசியில இறுக்கிப் பிடிச்சுப் பின்ற சாக்ஸ் மாதிரி வேலையை ஓரமா வைங்க.